கொடுக்கப்பட்ட உப்பு

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில்
எனக்கு வந்தது ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி.
நக்கிப் பார்க்கக் கூடாது.
கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினேன். சிவப்பு.
செங்கல் சிவப்பா, ரத்தச் சிவப்பா?
ரத்தம் என்று எழுதினேன்.
செங்கல்லாம். இரண்டு மார்க் போயிற்று.

இப்போது ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி லேப். இரவு டூட்டி.
சுடர் கிடையாது.
மிக்சி உயரத்தில் ஒரு பெட்டி
ரத்தத்தின் தெளிநீரைச் சொட்டு உறிஞ்சி
சோடியம் இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு என்று
பஸ் டிக்கெட் மாதிரிக் கிழித்துக் கொடுக்கும்.
உப்புப் பெறாத வேலை என்பாள் என் மாமியார்.

பலவேசம், ஐம்பத்தெட்டு, ஆறுமுகநேரி.
தொழில்: உப்பளம்.
சோடியம்: நூற்றுப் பன்னிரண்டு.

வார்டுக்குப் போன் போட்டேன்.
'டிரிப் ஏறுத கையிலயா எடுத்திய?'
'இல்லக்கா. டிரிப்பே இன்னும் போடல.'
மறுபடி ஓட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டு.

சீட்டு வாங்க வந்த மகள் பிரம்மசக்தி
'எங்க அப்பாக்கா? உப்பா கொறஞ்சிட்டு?' என்று
சிரித்துவிட்டாள்.
சிரித்ததற்காகப் பிறகு அழுதாள்.
பிரஷருக்கு மாத்திரை. நாலு மாசமாய் உப்பில்லாக் கஞ்சி.
பங்குனி வெயிலில் வாருபலகை பிடித்தவர்
தாகத்துக்குக் குடம் குடமாய்ப் பச்சைத்தண்ணி.
சட்டையின் முதுகில் தினமும் வெள்ளையாய்ப் பூத்திருக்குமாம்.
அவள்தான் துவைப்பாள்.
'அலசுத தண்ணியில போனது
அப்பாக்குள்ள இருந்ததாக்கா?'

நான் என்ன சொல்ல.

தனியே விட்டால் சோடியம்
தண்ணீர் பட்டதும் தீப்பிடிக்கும்.
மண்ணெண்ணெய்க்குள் முக்கி வைத்திருந்தார்கள், பார்த்திருக்கிறேன்.
தனியே விட்டால் குளோரின் மூச்சை நெரிக்கும்.
ஒன்று ஒரே ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தது
மற்றது வாங்கிக்கொண்டது
அதற்கப்புறம் மாங்காயில் தொட்டுத் தின்னலாம்.
தண்ணீரில் போட்டால் பிரிந்துவிடும் இரண்டும்.
பிரிந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்,
திருப்பிக் கேட்பதில்லை.
இந்தக் கடைசி வரி பாடப்புத்தகத்தில் இல்லை.
எனக்குத் தோன்றியது, ராத்திரி இரண்டு மணிக்கு.

சீட்டின் இரண்டாம் வரி பொட்டாசியம். அது சரியாக இருந்தது.
களக்காட்டில் என் தம்பி வாழை மூட்டில் வைக்கிற
செங்காவி நிறப் பொட்டாஷ்தான் அதுவும்.
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று
இரண்டும் நரம்பில் வாசல் மாறி மாறி நடப்பதால்தான்
பலகை பிடித்த விரல் மடங்குகிறது
மகள் பெயர் வாயில் வருகிறது.

டாக்டர் சபூரா மூன்று சதவீத சலைன் எழுதினார்.
லிட்டருக்கு முப்பது கிராம். ஒரு கைப்பிடி வராது.
டன் டன்னாய் வாரிக் குவித்த ஆளுக்கு
அதையும் சொட்டுச் சொட்டாகத்தான்.
'ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல ஏறப்படாது.
அவசரப்பட்டா மூளை தாங்காது.'
இழந்தது மெல்லத்தான் இழந்திருக்கிறது.
திரும்புவதும் அந்த நடையில்தான் வர வேண்டுமாம்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு குழாய் வந்தது.
நூற்றுப் பதிமூன்று.
நூற்றுப் பதினைந்து.
ஜன்னலுக்கு வெளியே, எல்லாம் வெள்ளையாக மாற்றிவிட்ட சாலையில்
விட்டுப்போன ஒரு மஞ்சள் சோடியம் விளக்கு.
அதன் கீழே டீ ஆற்றிக்கொண்டிருந்தான் ஒருவன்.

வீட்டுக்குப் போனேன்.
போர்த் தண்ணீர் கெட்டிலில் படிந்த பொருக்கைச்
சுரண்டி எடுத்தேன். கால்சியம்.
செங்கல் சிவப்பு, இப்போது தெரிகிறது.

மறுநாள் இரவு நூற்றுப் பத்தொன்பது.
கண் திறந்தாராம்.
தலைக்கு மேலே சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
'மழையா?' என்று கேட்டாராம்.
'பாத்தியில உப்பு வாராமக் கெடக்கே.'
பிரம்மசக்தி ஓடிவந்து சொன்னாள்,
செருப்பில்லாமல்.

அடுத்த குழாயில் பாலவேசம் என்று எழுதியிருந்தது.
காலை அடித்தேன்.
பெட்டிக்குள் வைத்தேன்.